நெளுக்குளம் ஞானசபையும் ஏழாம் இலக்க எறும்பும்

சிவலட்சுமிக்கு ஞானம் இருக்கிறதா இல்லையா என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பூவரசங்குளத்துக் குடியிருப்பில் அவளுடைய தகப்பன் மூக்கனுக்குத் தெரிந்ததெல்லாம் மகள் பி.ஏ. பாஸ் பண்ணிவிட்டாள் என்பதும், மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த சனத்தில் அப்படிப் பாஸ் பண்ணிய முதல் ஆள் அவள்தான் என்பதும்தான். ஆகவே எண்பதாம் ஆண்டு ஆவணியில் ஒரு பழுப்பு நிற உறை வந்தபோது, அவர் மண்வெட்டியைச் சாத்திவிட்டு, கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"வேலையா புள்ள?"

வேலைதான். நெளுக்குளத்தில் 'பட்டதாரிகள் வாழ்க்கைத் தொடக்க வேதஞான சபை' என்று ஒன்று இருந்தது. அந்தச் சபை ஓமந்தையில் ஒரு மாலைப்பள்ளி நடத்தியது. அதற்கு அவளை ஆசிரியையாக எடுத்திருந்தார்கள். ஆனால் இரண்டு நிபந்தனைகள். முதலாவது, வருகிற திங்கள் முதல் வெள்ளி வரை நடக்கும் முகாமில், புதிதாக வாழ்க்கை தொடங்கும் பட்டதாரிகளுக்கான வேதஞானத்தைப் பெற்று, அதற்குச் சான்றிதழ் எடுக்கவேண்டும். இரண்டாவது, அந்தச் சான்றிதழை மாலைப்பள்ளியில் கடமையில் இருப்பவரிடம் காட்டி, வெள்ளி பின்னேரம் நான்கு மணிக்கு முன் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். நான்கு மணி தாண்டினால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆட்கள் அறுபத்தொரு பேர் இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள்.

மூக்கன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஞானத்துக்குமா சாட்டிபிக்கேட்டு? பட்டம் குடுத்தாங்களே, அதுலயே இதையும் சேத்துக் குடுத்திருக்கலாம்ல?"

"அது வேற இடம்ப்பா. இது வேற இடம்."

"நமக்கு பைபிள் வேதமெல்லாம் தெரியாதே புள்ள. நம்ம மாரியாத்தா கும்புடுற ஆளுங்க."

"எல்லாச் சமயத்துக்கும் பொதுன்னு போட்டிருக்கு."

அவர் அன்றைக்கே தன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தார். சிவலட்சுமி ஒரு புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் திகதியை எழுதி, அடியில் கோடு போட்டாள். எதையும் எழுதி வைப்பது அவள் வழக்கம். எழுதியதன் கீழே 'இது சரியோ தெரியாது' என்று போடுவதும் வழக்கம்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குச் சபை மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். மேடையில் பத்தொன்பது கதிரைகள். பத்தொன்பதிலும் உத்தியோகத்தர்கள். கீழே உட்கார ஒரு நீள வாங்கு. அதில் ஒரே ஒரு பட்டதாரி. கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்து விவசாயியின் மகன் வீரகத்தி. சபைத் தோட்டத்தில் விவசாயப் போதனாசிரியர் வேலைக்கு வந்திருந்தான்.

"மற்ற ஆக்கள் எங்க?" என்று சிவலட்சுமி கேட்டாள்.

"படிவத்தைக் கண்டவுடன போயிட்டினம்," என்றான் வீரகத்தி.

படிவம் பதினொரு பக்கம். ஏழாவது பக்கத்தில் ஒரு கேள்வி: 'இதற்கு முன் ஞானம் பெற்றிருக்கிறீரா? ஆமெனில் எங்கே, யாரிடம், எவ்வளவு?' சிவலட்சுமி அரை மணித்தியாலம் யோசித்து, 'நிச்சயமாகத் தெரியவில்லை' என்று எழுதினாள். வீரகத்தி 'ஒரு கிலோ' என்று எழுதினான். அடுத்த நாள் அவனிடம், எந்தக் கடையில் நிறுத்தது என்று கேட்டார்கள்.

மேடையின் நடுவில் ஒரு பெரிய அலுமாரி. பூட்டியிருந்தது. கழுத்தில் போடுவதுபோல் அதற்கு ஒரு மல்லிகை மாலை. வேதம் அதற்குள்தான் இருக்கிறது என்றார்கள். பத்தொன்பது பேரும் எழுந்து நின்று அலுமாரிக்கு வணக்கம் சொல்லி, மறுபடி உட்கார்ந்தார்கள். பிறகு தலைவர் மயில்வாகனம் பேச எழும்பினார். நெற்றி நிறைய மூன்று குறி விபூதி. ஒரு சபைக்குத் தலைவர் தேவை என்ற விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பம் போட்டவர், எந்தச் சபை என்ற வரியை நியமனம் கிடைத்த பிறகுதான் வாசித்தாராம்.

"பிள்ளையள்," என்றார் தலைவர், "நான் முப்பத்திரண்டு வருசம் அரசாங்கக் கந்தோரில உத்தியோகத்தில இருந்தனான். அந்த முப்பத்திரண்டு வருசத்தில ஒரு முடிவும் எடுத்ததில்லை. அதால ஒரு பிழையும் விட்டதில்லை. இதைத்தான் வேதம் ஞானம் எண்டு சொல்லுதெண்டு எனக்கு ஆரோ சொல்லிச்சினம்."

பலத்த கைதட்டல். சிவலட்சுமி அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, பயந்து பயந்து கையை உயர்த்தினாள்.

"ஐயா, அந்த வேதத்தை நாங்கள் ஒருக்கால் வாசிக்கலாமோ?"

மேடை முழுவதும் அவளை இரக்கத்தோடு பார்த்தது. "வாசிக்கிறதுக்கு எண்டு ஒரு உபகுழு இருக்குது பிள்ளை," என்றார் தலைவர். "மூண்டு பேர். கூட்டம் நடத்தக் குறைஞ்சது அஞ்சு பேர் வேணும். அதால இன்னும் கூடேல்லை. அவசரப்படாதையும்."

அதற்குப் பதிலாக, ரோணியோவில் படியெடுத்த தாள் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். சோம்பேறியானவன் எறும்பிடம் போய், அதன் நடப்பைக் கவனித்து, ஞானம் பெறவேண்டும் என்று அதில் இருந்தது. அதற்கு மேலும் ஏதோ வந்திருக்கவேண்டும். ஆனால் ஸ்டென்சில் அந்த இடத்தில் கிழிந்திருந்தது. கிழிசல் விழுந்து நான்கு வருசமாம். நான்கு வருசமாக ஞானம் கிழிசல்வரை மட்டுமே போய், அங்கே நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை எறும்பு வழங்கும் வைபவம்.

இதற்குப் பொறுப்பு மேற்பார்வையாளர் அப்புத்துரை. விசிலும் கழுத்துமாகத் திரிகிற மனிதர். "வேதம் எறும்பிடம் போ எண்டு சொல்லுது," என்றார். "எந்த எறும்பு எண்டு சொல்லேல்லை. அங்கதான் நிர்வாகம் தேவைப்படுது. கண்ட கண்ட எறும்பிடமும் போய்க் கண்ட கண்ட ஞானத்தோட வந்து நிண்டால், ஆர் பதில் சொல்லுறது?"

ஆகவே பட்டதாரிக்கு ஒரு எறும்பு. எறும்புக்கு ஓர் இலக்கம். அடையாளத்துக்கு முதுகில் ஒரு சொட்டு வெள்ளைப் பெயின்ற். எறும்பு இந்தப் பிரிவில்தான் நிரந்தரமாக வசிக்கிறது என்று கிராமசேவகரின் கையெழுத்தும் வேண்டும். சிவலட்சுமி எறும்பை நெருப்புப்பெட்டியில் போட்டுக்கொண்டு சைக்கிளில் போனாள். கிராமசேவகர் பெட்டியைத் திறந்து பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். "எத்தனை வருசமா இஞ்ச இருக்கிறார்?" என்று கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே கையெழுத்து வைத்தார்.

பெயின்ற் பூசுவதுதான் கரைச்சலாகிவிட்டது. அப்புத்துரை பிடித்தது வீட்டுச் சுவருக்கு அடிக்கிற தூரிகை. முதல் ஐந்து எறும்புகள் அந்த இடத்திலேயே இலக்கமும் தாமுமாக மறைந்துபோயின. ஆறாவது வீரகத்திக்குக் கிடைத்தது. அது பின்னேரம்வரை தாக்குப்பிடித்து, நான்கு மணிக்குக் காலை நீட்டியது. ஏழாவது எறும்புக்குச் சிவலட்சுமி தானே ஈர்க்குக் குச்சியால் பொட்டு வைத்தாள். அது தலையை ஒருதரம் உதறிவிட்டு நடந்தது.

செத்த எறும்புக்கு வீரகத்தி 'எறும்பு இழப்புப் படிவம்' நிரப்பவேண்டி வந்தது.

"மரணத்துக்குக் காரணம் எண்ட இடத்தில என்ன எழுதுறது ஐயா?"

"கவனக்குறைவு எண்டு எழுதும் தம்பி."

"ஆற்ற கவனக்குறைவு?"

அப்புத்துரை கொஞ்சம் யோசித்தார். "எறும்பின்ர," என்றார்.

புதன்கிழமை விரிவுரை. அதை நடத்தியவர் ராஜரத்தினம். அவருக்கு அதிபதி என்று பட்டம். ஓமந்தை மாலைப்பள்ளிக்கும் அவர்தான் தலைமை. வாழ்க்கையில் நீதியாக முடிவெடுப்பது எப்படி என்று விளக்க, வேதத்தில் வருகிற ராசாவின் கதையைச் சொன்னார். ஒரு குழந்தைக்கு இரண்டு பெண்கள் உரிமை கொண்டாடியது, ராசா வாளை எடுத்துக் குழந்தையைப் பாதியாக வெட்டச் சொன்னது, பெற்றவள் மட்டும் ஐயோ வெட்டவேண்டாம், அவளிடமே கொடுங்கள் என்று அழுதது. அதிபதி நன்றாகவே சொன்னார். சிவலட்சுமிக்கு முதல்முறையாக, இதில் ஏதோ இருக்கிறது என்று பட்டது.

கதை முடிந்து அதிபதி திரும்பிப் பார்த்தால், அவருடைய கதிரையில் தலைவர் இருந்தார்.

பத்தொன்பது கதிரைகளில் ஒன்றுக்குத்தான் கைப்பிடி உண்டு. "இது என்ர கதிரை," என்றார் அதிபதி. "தலைவருக்குத்தான் கைப்பிடி," என்றார் தலைவர். "முகாம் தொடங்கின நாளில இருந்து நான்தான் இதில இருக்கிறன்," என்றார் அதிபதி. "அது நான் பாவமெண்டு விட்டுத் தந்தது." பத்து நிமிசம் போனது. மேடையில் எட்டுப் பேர் ஒரு பக்கம், ஒன்பது பேர் மறுபக்கம். அப்புத்துரை விசிலை ஊதினார்.

"இப்பதானே படிப்பிச்சது! கதிரையை ரெண்டாய் அரியுவம். உண்மையான சொந்தக்காரன் பதறிப்போய், வேண்டாம் எண்டு விட்டுக்குடுப்பார். அவருக்குக் கதிரை."

மண்டபம் மெய்சிலிர்த்தது. வாள் கொண்டுவந்தார்கள், மரம் அரிகிற வாள். அதைக் கதிரையின் நடுவில் வைத்தார்கள். தலைவர் அதிபதியைப் பார்த்தார். அதிபதி தலைவரைப் பார்த்தார்.

"அரியுங்கோ," என்றார் தலைவர்.

"வடிவா அரியுங்கோ," என்றார் அதிபதி.

அரிந்தார்கள். ஆளுக்கு ஒரு கைப்பிடி, இரண்டு கால். அதற்குப் பிறகு முகாம் முடியும்வரை அவர்கள் இருவரும் பாதிக் கதிரையைச் சுவரோடு முண்டுகொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்கள். சிவலட்சுமி கொப்பியில் எழுதினாள்: 'கதிரைக்குத் தாய் இல்லை. இது சரியோ தெரியாது.'

வியாழக்கிழமை எறும்பிடம் கற்றுக்கொள்ளவேண்டிய கடைசி நாள். நாளைக்கு நேர்முகம், அதோடு சான்றிதழ், அதோடு ஓமந்தை. சிவலட்சுமி விடியவே வந்து ஏழாம் இலக்கத்தைத் தேடிப் பிடித்து, அதன் பின்னாலேயே குனிந்து குனிந்து நடந்தாள். வெள்ளைப் பொட்டு மண்டபத்துச் சுவரோரமாகப் போனது. கதவு நிலையில் ஏறி இறங்கியது. முற்றத்தைக் கடந்தது. குசினிக்குள் நுழைந்து, மேசைக் காலில் ஏறி, அங்கே ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த நீண்ட வரிசையில் இடம் பிடித்து, நேரே சீனிப் பேணிக்குப் போனது.

சீனிப் பேணியின் மூடிக்கு மேலே, மூடி கிளம்பாமல் இருக்க, ஒரு தடித்த கறுப்புப் புத்தகம் வைத்திருந்தது. வேதம்.

சமையல்காரி மீனம்மா அடுப்பிலிருந்து திரும்பிப் பார்த்தாள். அவளும் மலையகத்திலிருந்து வந்தவள். "என்னா புள்ள, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"மீனம்மாக்கா, இது அலுமாரிக்குள்ள இருக்கிறதுன்னுல்ல சொன்னாங்க?"

"இருந்திச்சி. நாலு வருசம் முந்தி பாரம் வைக்க எடம் பத்தலன்னு தூக்கி வெளிய வச்சிட்டாங்க. நனையுமேன்னு நான்தான் உள்ளுக்கு எடுத்தாந்தேன். எனக்குப் படிக்கவும் வராது. கனமா இருந்திச்சா, மூடிக்கு வசதியாப் போச்சி." முந்தானையால் அட்டையைத் துடைத்தாள். "ஆனா தெனமும் தொட்டுக் கும்புட்டுட்டுத்தான் தூக்குவேன்."

"அப்ப அலுமாரிக்குள்ள?"

"பூரா பாரம்தான்."

நான்கு வருசமாகப் பத்தொன்பது பேர் எழுந்து நின்று வணக்கம் சொன்னது படிவத்துக்கு. சிவலட்சுமி புத்தகத்தை எடுத்து, கையைக் கழுவி, உள்ளடக்கத்திலிருந்து தொடங்கி முறையாகத் தேடினாள். ஒன்றரை மணித்தியாலத்தில் எறும்பு கிடைத்தது. ஸ்டென்சில் கிழிந்த இடத்துக்கு அப்பாலும் வசனம் போனது. அவள் வாசித்தாள். தன் கண்ணை நம்பாமல் மறுபடி வாசித்தாள். மூன்றாம் முறை மீனம்மாவுக்குக் கேட்க வாசித்தாள். எறும்புக்குத் தலைவன் கிடையாது, மேலே நின்று பார்க்கிறவன் கிடையாது, அதிகாரம் பண்ணுகிறவன் கிடையாது. அப்படியிருந்தும் அது கோடையிலேயே தன் சாப்பாட்டைச் சேர்த்துக்கொள்கிறது என்பது அதன் பொருள்.

"இதுக்குப் பொஸ்தகம் வேணுமா?" என்றாள் மீனம்மா. "நாலு வருசமா என் சீனிய அள்ளிட்டுப் போகுதுங்க. எவன் உத்தரவு போட்டான்?"

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வைத்த நேர்முகம், பத்தொன்பது பேரும் ஒரே நேரத்தில் மேடையில் இருக்கவேண்டும் என்ற விதியால், ஒன்றரைக்குத் தொடங்கியது. யாராவது ஒருவர் வெற்றிலை துப்பப் போய்க்கொண்டே இருந்தார். சிவலட்சுமி மணிக்கூட்டைப் பார்த்தாள். நெளுக்குளத்திலிருந்து ஓமந்தைக்குச் சைக்கிளில் ஒன்றேமுக்கால் மணித்தியாலம்.

முதலில் வீரகத்தி. "எறும்பிடம் என்ன கற்றீர்?"

"பெயின்ற் பூச ஆரும் வந்தால் ஓடவேணும் எண்டு கற்றனான் ஐயா."

முடிவு ஒத்திவைக்கப்பட்டது. அடுத்தது சிவலட்சுமி. சொல்லவா விடவா என்று இரவெல்லாம் யோசித்திருந்தாள். சொன்னால் இவர்கள் கூசிப்போவார்கள், கோபிப்பார்கள், வேலை போய்விடும். ஆனால் பொய் சொல்ல அவளுக்கு வராது.

"ஐயா, தாளில இருந்தது பாதி. மிச்சம் புத்தகத்தில இருக்குது. எறும்புக்குத் தலைவர் இல்லையாம். மேற்பார்வை பாக்க ஆள் இல்லையாம். அதிகாரியும் இல்லையாம். ஆனாலும் அது தன்ர வேலையைச் செய்யுதாம். அதைத்தான் பாக்கச் சொல்லியிருக்குது."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தலைவர் இல்லையோ?"

"இல்லை ஐயா."

"மேற்பார்வையாளரும்?" என்றார் அப்புத்துரை. விசில் வாயிலிருந்து விழுந்தது.

"இல்லை ஐயா."

தலைவரின் கண் கலங்கியது. நெஞ்சில் கையை வைத்தார். சிவலட்சுமி, பாவம், வயது போன மனிதரை இப்படி நோகடித்துவிட்டேனே என்று நினைத்தாள்.

"எத்தினை ஆயிரம் வருசமாய் வெற்றிடம்!" என்றார் தலைவர் தழுதழுத்து. "மூண்டு பதவி! வேதமே அறிவிச்சிருக்குது. ஒருத்தனும் விண்ணப்பிக்கேல்லை!"

மேடை ஒரே மூச்சில் எழுந்தது. தலைவர் எறும்புகளின் தலைமைக்குத் தன் பெயரைத் தானே முன்மொழிந்து, தானே வழிமொழிந்தார். அப்புத்துரை, பெயின்ற் வேலையில் தனக்குள்ள அனுபவத்தை எடுத்துச் சொன்னார். அதிபதி ராஜரத்தினம் துள்ளி எழும்ப, அவருடைய பாதிக் கதிரை படீரென்று விழுந்தது. "அதிகாரி பதவிக்கு என்னை விட்டால் ஆர் இருக்கினம்?" என்று கத்தினார். "ஓமந்தைப் பள்ளிக்கூடத்தை ரெண்டு வருசமாய் நடத்துறன். ஒரு நாள் அங்க கால் வைச்சிருப்பனோ? ஏதாவது குறை வந்ததோ? எறும்புகளையும் அப்பிடியே நடத்திக் காட்டுவன்!"

"ஐயா," என்றாள் சிவலட்சுமி, "என்ர சான்றிதழ்? நாலு மணிக்கு முன்னம் கையெழுத்து வைக்கவேணும்."

தலைவர் கனிவோடு திரும்பினார். "பிள்ளை, கொஞ்சம் யோசியும். நிர்வாகம் இல்லாத எறும்பிட்டப் பெற்ற ஞானம் எப்பிடிச் செல்லும்? முதலில எறும்புகளுக்கு நியமனம் முடியட்டும். பிறகு அவையிட்டத் திரும்பப் படிச்சுக்கொண்டு வாரும்."

"எப்ப ஐயா முடியும்?"

"பத்திரிகையில விளம்பரம் போடவேணுமே. மூண்டு மாசம், ஆறு மாசம்..."

மணி இரண்டு இருபத்தைந்து. பட்டியலில் அறுபத்தொரு பேர். மூக்கன் இந்நேரம் வேலியோரம் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிவலட்சுமி கண்ணீரை மறைக்கத் தலையைக் குனிந்தாள். வாங்கின் விளிம்பில் வெள்ளைப் பொட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஏழாம் இலக்கம். வாயில் ஒரு சீனி மணி. அது மேடையைத் திரும்பியும் பார்க்கவில்லை. அனுமதியும் கேட்கவில்லை. வாங்குக் காலால் இறங்கி, வாசல் பக்கம் நடந்தது.

சிவலட்சுமி எழுந்து கொப்பியைக் கக்கத்தில் வைத்தாள்.

"போங்கோ," என்றான் வீரகத்தி மெல்ல. "கேட்டால், எறும்புக்குப் பின்னால போயிட்டா எண்டு சொல்லுறன்."

அந்தச் சைக்கிள் மூக்கன் அதை வாங்கிய புதிதிலும் அப்படி ஓடியிருக்காது. வவுனியா நகரத்தைக் கடந்து, கண்டி வீதியில் ஏறி, லொறிகளுக்கு ஒதுங்கி, வெயிலில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். ஓமந்தையில் அந்தக் கிடுகுக் கொட்டிலுக்கு முன் சைக்கிளைப் போட்டபோது, நான்கு மணிக்கு ஏழு நிமிசம் இருந்தது.

உள்ளே இருபத்தேழு பிள்ளைகள். பெரியவர்கள் சின்னவர்களுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கரும்பலகை துடைத்திருந்தது. தண்ணீர்க் குடம் நிரம்பியிருந்தது. வாசலில் காவலாளி கணபதி இருந்தார். அதிபதி இங்கே வருவதுண்டா என்று அவரிடம் கேட்டாள்.

"அதிபதியோ?" என்றார் கணபதி. "படத்திலதான் கண்டனான்."

"அப்ப இப்ப கடமையில இருக்கிறது ஆர்?"

"மணி அடிக்கிறது நான். மற்றதெல்லாம் பிள்ளையள்தான் பாக்குதுகள்."

"என்னட்டச் சான்றிதழ் இல்லை," என்றாள் சிவலட்சுமி. "கடமையில இருக்கிறவரிட்டக் காட்டச் சொல்லியிருக்கினம்."

கணபதி வரவுப் புத்தகத்தை எடுத்து ஊதினார். தூசி பறந்தது. "பிள்ளை, இதில கையெழுத்து வைச்சால் கடமையில இருக்கிறது நீங்கள்தானே. பிறகு உங்களிட்ட நீங்களே காட்டுங்கோ. நான் குறுக்க வரமாட்டன்."

மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கையெழுத்து வைத்தாள். பிறகு, எதையும் முறையாகச் செய்கிற பழக்கத்தில், தன்னிடம் தானே சான்றிதழைக் கேட்டாள். இல்லை என்று சொன்னாள். தன்னையே ஒருதரம் சந்தேகத்தோடு பார்த்தாள். இந்த ஒருமுறை போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

மணி அடித்தது. இருபத்தேழு பேரும் வரிசையாக எழுந்து நின்றார்கள்.

வெள்ளி நான்கு மணிக்கு முன் கையெழுத்து இருந்ததால், சபையின் விதிப்படி அவள் வேலை உறுதியாகிவிட்டது. வீரகத்தியும் யாரிடமும் கேட்காமல் சபைத் தோட்டத்தில் மிளகாய்க் கன்று நட்டுவிட்டதாகக் கேள்வி. நான்கு மாதம் கழித்துச் சபையிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. மூன்று பதவிகளும் நிரப்பப்பட்டுவிட்டன. பதவியேற்பு வைபவத்துக்கு எல்லா எறும்புகளும் அடுத்த மாதம் முதலாம் திகதி காலை எட்டு மணிக்குச் சமுகமளிக்கவேண்டும். ஓமந்தைப் பகுதி எறும்புகளுக்கு இதை ஆசிரியை நேரில் சேர்ப்பித்து, பதில் அனுப்பவேண்டும்.

சிவலட்சுமி கடிதத்தைக் கொட்டிலின் மூலையிலிருந்த எறும்புப் புற்றுக்கு முன்னால் விரித்து வைத்தாள். உறையையும் பக்கத்தில் வைத்தாள். பின்னேரம் வகுப்பு முடிந்து, பிள்ளைகளோடு வந்து பார்த்தாள். பிறகு சபைக்குப் பதில் எழுதினாள்:

'கடிதம் எறும்புகளிடம் சேர்ப்பிக்கப்பட்டது. உறையில் ஒட்டியிருந்த மாப்பசை முழுவதையும் எடுத்துக்கொண்டன. மிச்சத்தை விட்டுவிட்டன.'

கீழே வழக்கமான அந்த வரியை எழுதப் பேனையைக் கொண்டுபோனாள். எழுதவில்லை.